முந்தி வாங்கிய மிட்டாய்

வியாழன் இரவு. ஆஸ்பத்திரி வார்டு.

மிட்டாய் வாங்கியது என் புத்திகெட்ட வேலை.

எலும்பு மஜ்ஜையில் புற்று இல்லையென்று முடிவு வந்தால் எல்லாக் கட்டிலுக்கும் மிட்டாய் கொடுப்பது இந்த வார்டில் பழக்கம். முதல் வார ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தெம்பில், நேற்று வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுவிட்டேன்.

இன்று டாக்டர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு மாத மருந்துக்குப் பிறகும் மஜ்ஜையில் அந்தப் புற்றணுக்கள் மிச்சம் இருக்கின்றனவாம். என் மகள் அஞ்சு இனி ஆபத்து கூடிய பிள்ளைகளில் ஒருத்தி. நாளை முதல் இன்னும் கடுமையான மருந்து.

வெளியே வந்ததும் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா, ஆரியங்கோட்டுக்காரி சிந்து, ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வாயில் மிட்டாய்.

"நான் அப்பவே சொன்னேன் இல்லியா மக்கா, தெய்வம் உண்டு!"

நான் டாக்டரிடம் இருந்தபோது அஞ்சு பையைத் துழாவியிருக்கிறாள். மிட்டாயைக் கண்டதும் முடிவை அவளே தீர்மானித்துவிட்டாள். மருந்தில் ஊதிய முகத்தோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கொடுத்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். வாயத் தொற."

திறந்தேன். வார்டே பார்த்துச் சிரித்தது. மென்று விழுங்கினேன்.

காலையில் நர்ஸ் புது மருந்தைத் தொங்கவிடுவாள். அஞ்சு அழமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். குடுத்த மிட்டாயெல்லாம் திருப்பி வாங்கணுமா அம்மா என்றுதான் கேட்பாள்.