ஊர்ச்சொத்தாக இருந்த டென்னிஸ் மைதானம்

அக்கா,

இன்று காலை பக்கத்து மனையில் ஒரு லோடு செம்மண் வந்து இறங்கியது. கொத்தனார் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சியதும் கிளம்பிய வாசனையில், போட்டது போட்டபடி வாசலில் வந்து நின்றுவிட்டேன். நம் கரிசலுக்கு இந்த வாசனை கிடையாது. கோவில்பட்டியில் இதை நான் முகர்ந்தது நகராட்சி டென்னிஸ் மைதானத்தில்தான், உங்களோடு.

அப்போது நான் நூற்பாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நீங்கள் தீப்பெட்டி ஆலை முதலாளியின் மனைவி. வேறெங்கு பார்த்திருந்தாலும் ஒரு வணக்கத்தோடு விலகிப் போயிருப்போம். பெண்களுக்கென்று நகராட்சி ஒதுக்கியிருந்த அந்தக் காலை வேளைதான் நம்மைச் சேர்த்தது. நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவீர்கள். நான் பந்தை வலையில் அடித்தால், "ஏட்டி, வீட்ல சோறு போடலியா?" என்று கத்துவீர்கள்.

வலை கிழிந்திருந்தது உண்மை. கோடு போடச் சுண்ணாம்பு கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்ததும் உண்மை. அதையே காரணம் காட்டித்தான் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் மைதானத்தைத் தங்கள் கிளப்புக்குக் குத்தகைக்குக் கேட்டார்கள். முன்னால் நின்றவர் உங்கள் வீட்டுக்காரர்.

"இவிய லைட்டு போடுவாவளாம், சிமிண்டுத் தரை போடுவாவளாம். வலை கிழிஞ்சா தைச்சுக்கிடலாம். கேட்டைப் பூட்டிட்டா நீ எங்கனட்டி போவ?" என்றீர்கள்.

நகராட்சி சேர்மனைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் உங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மதினி, இதை நீங்க வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாமே" என்றார். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுச் சொத்துன்னா வீட்ல பேசியிருப்பேன் அண்ணாச்சி. இது ஊர்ச்சொத்து. ஊரு கையிலதான் இருக்கணும்."

சிரிப்பு நின்றது. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நகராட்சிக் கூட்டத்திலேயே குத்தகைத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சுற்றுச்சுவர் உயர்ந்தது. செம்மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு சிமெண்டுத் தரை போட்டார்கள்.

வீட்டுக்காரர் கிளப் உறுப்பினர் என்பதால் உங்களுக்கு அங்கே தடையில்லை. நீங்கள் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டலில் கயிற்றைக் கட்டி ஆடிப் பார்த்தோம். பந்து எழும்பவே இல்லை. வெடிப்புக்குள் விழுந்ததைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டே சிரித்தீர்கள். மழை வந்ததும் அதுவும் போயிற்று.

பிறகு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மதுரை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன காலையில பொம்பளைய யாராவது ஆடுதாவளாட்டி?" என்று கேட்டீர்கள். சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் போர்வையைச் சரிசெய்தேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

நீங்கள் போன பிறகு அந்த மைதானத்திலேயே உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஆலை வேலை முடிந்து ஓடினேன். வாட்ச்மேன் மறித்தார். "மெம்பர் மட்டுந்தான் விடச் சொல்லியிருக்காவ. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

உங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். கேட்டைத் திறக்கச் சொல்லி, "வாம்மா" என்றார். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். "அவளும் இப்படித்தான். இங்க வந்து ஆடுன்னு எத்தன தடவ கூப்பிட்டுருப்பேன்" என்றார்.

உள்ளே எல்லோரும் மௌன அஞ்சலிக்கு எழுந்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. திறந்திருந்த கேட்டுக்கு அந்தப்புறம் தலைகுனிந்து நின்றார். இந்தப்புறம் நான்.

அவர்மேல் கோபம் தீரவில்லை, அக்கா. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் அழுகையும் வருகிறது. இரண்டையும் இறக்கிவைக்க எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.