படுக்கை கிடைக்கும் வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. உன் தம்பியை இன்று காலை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறோம், குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு. போய்ச் சேர்ந்தார்களா என்று இன்னும் தகவல் இல்லை. மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் உன் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்குக் குரல் ஏறிவிடும், நீ அழுவாய், அழுகிறாயே என்று அதற்கும் கத்துவேன். இது உன் கைக்கு வருவதற்குள் விஷயம் எப்படியும் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது எப்படி நடந்தது என்பதுதான், அதை உன் அத்தை வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் குடிப்பது உனக்குத் தெரியும், எவ்வளவு என்பது எங்களுக்கே தெரியாது. கல்குவாரியில் முதுகில் அடிபட்டதும் வலி மாத்திரையில் தொடங்கியது, மாத்திரை போதாமல் பிராந்தி, பிறகு இரண்டும் சேர்ந்து. குவாரி முதலாளி ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை, அது வேறு கதை, நான் மறக்கவில்லை. காலையில் ஒரு வாய் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தான் போட முடியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டான். போன மாதம் தானே நிறுத்திக் காட்டுகிறேன் என்று வீம்புக்குக் குடிக்காமல் இருந்தவன், குளியலறையில் விழுந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். வலிப்பு. தெளிந்த பிறகு, "எங்கயாவது சேத்து விட்டுருங்கம்மா, பயமா இருக்கு" என்று சொன்னான். அம்மாவிடம் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சேர்ப்பது என்றால் எங்கே சேர்ப்பது? பிரசவம், பாம்புக்கடி, எலும்பு முறிவு, இதைத் தவிர நம் ஊரில் மனிதனுக்கு வேறு எதுவும் வரக்கூடாது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், "குடிக்கறவங்களுக்குன்னு வார்டு எல்லாம் இல்ல சார், குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து அடிபட்டா கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றாள், கிண்டல் இல்லை, உண்மையாகவே உதவுகிற குரலில். உதவி எண் என்று ஒன்று இருக்கிறதே என்று கூப்பிட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் உங்கள் அருகிலுள்ள மருத்துவமனை என்று அதே ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னது. பிறகு யாரோ சொல்லி, மறுவாழ்வு இல்லம் நடத்தும் ஒருவனிடம் பேசினேன். முன்பு லாரி வைத்திருந்தவனாம். "நாங்களே வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவோம் சார். ரூம்ல போட்டுப் பூட்டுனா கத்துவான், கத்தட்டும், கத்தி ஓஞ்சா மனுஷனாயிருவான்" என்றான். டாக்டர் யார் என்று கேட்டேன். "இதுக்கு எதுக்கு சார் டாக்டர்?" என்றான். எனக்கு இருந்த எரிச்சலில் சரி என்றுகூட சொல்லியிருப்பேன், உன் அம்மா போனைப் பிடுங்கி, "என் பிள்ள என்ன மாடா, வண்டியில ஏத்திட்டுப் போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கடைசியில் இரண்டு பஸ் மாறி, பெரிய ஊரில் வாரத்துக்கு ஒருநாள் வந்து பார்க்கும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். உன் வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. இவனை நிதானமாகப் பார்த்தாள், நாக்கைக் காட்டச் சொன்னாள், கையை நீட்டச் சொன்னாள், என்ன மாத்திரை என்று கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் படுக்கை காலியாக இரண்டு வாரமாகும் என்றாள். அதுவரை ஒரு சொட்டுகூடத் தரமாட்டேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய தைரியமாகச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "ஐயோ சார், அப்படி மட்டும் செஞ்சிராதீங்க. திடீர்னு நிறுத்துனதுனாலதான் வலிப்பு வந்திருக்கு, மறுபடி வந்தா உயிருக்கே ஆபத்து. பெட் கிடைக்கிற வரைக்கும் நான் சொல்ற அளவு, சொல்ற நேரத்துக்கு நீங்களே ஊத்திக் குடுங்க. பாட்டில அவர்கிட்ட விடாதீங்க" என்றாள்.

நான் ஊற்றிக் கொடுக்க வேண்டுமாம். இந்த வீட்டு வாசலுக்குள் ஒரு பாட்டில் வரவிடாதவன் நான், அதற்காக உடன்பிறந்தவனையே வேண்டாம் என்று வைத்தவன். மதுக்கடை வரிசையில் போய் நின்றேன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் சிபாரிசு பிடித்து உட்கார்ந்திருக்கிறானே எங்கள் அலுவலகத்துத் தலைவன், அவனுடைய டிரைவர் எனக்கு முன்னால் நின்றான். "சார், நீங்க எதுக்கு வரிசைல? சொல்லுங்க, என்ன பிராண்டு?" என்று உரக்கக் கேட்டான். மறுநாள் தலைவன் என்னைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு சொன்னான். இருக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் ஊர்க் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்திலிருந்து, விளிம்பு உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த கண்ணாடி அளவுக்குழாய் ஒன்றைக் கொண்டுவந்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் அளந்தவன் பெற்ற பிள்ளைக்குப் பிராந்தி அளந்தேன். பாட்டிலை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன், வேலைக்குப் போகும்போது அம்மாவிடம் சாவி இருக்கும். ஊற்றும்போதெல்லாம் நான் பேசினேன், அவன் குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ஆனால் கை நடுக்கம் குறைந்தது, ஓரளவு சாப்பிட்டான், வலிப்பு வரவில்லை.

இந்த நேரம் பார்த்து உன் அத்தை வந்து இறங்கினாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா குளிக்கப் போன நேரம், துண்டு எடுக்கிறேன் என்று கொத்துச் சாவியை எடுத்து என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். நான் அலுவலகத்திலிருந்து சாயங்காலம் வந்தால், கொல்லைத் தொட்டி ஓரத்தில் கழுவிய டம்ளர்களுக்கு நடுவே பிராந்தி பாட்டில் தலைகீழாகக் கவிழ்ந்து காய்கிறது. மொத்தத்தையும் தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவியும் வைத்துவிட்டாள். "எத்தன வருஷமாண்ணே இது? அண்ணி எப்படித்தான் பொறுத்துக்கிட்டிருக்காங்களோ" என்று மூக்கைச் சிந்துகிறாள். உன் அம்மாவோ, பாட்டிலை நான்தான் இடம் மாற்றி வைத்திருப்பேன் என்று நினைத்து, அத்தை எதிரில் போனில் கேட்கவும் முடியாமல், மத்தியான அளவைக் கொடுக்காமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். அன்றைக்கு ஓட்டு எண்ணிக்கை, மதுக்கடையெல்லாம் அடைப்பு, மறுநாளும் அடைப்பு. உன் தம்பி கட்டிலில் வியர்த்து நனைந்து கிடந்தான். பல் தந்தியடித்தது. மூலையைக் காட்டி, அங்க யாரும்மா நிக்கறது என்று கேட்டான். அங்கே யாரும் இல்லை. டாக்டர் பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள்.

இந்த ஊரில் கடை அடைத்த நாளிலும் பாட்டில் இருக்கிற வீடு ஒன்றுதான் எனக்குத் தெரியும். உன் சித்தப்பா வீடு. உன் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வைத்து, ஆம்பளப் பிள்ளதானே என்று இவன் கையில் முதல் டம்ளரைக் கொடுத்த மகான். அன்றைக்கே அத்தனை உறவுக்காரர் முன்னால் என் வாசல் மிதிக்காதே என்று சொன்னேன், அவனும் மிதிக்கவில்லை. நானும் அந்தத் தெருவழியே போவதில்லை, சுற்றித்தான் அலுவலகம் போவேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டினேன். அவனே திறந்தான். ஒரு பாட்டில் வேணும் என்று சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது? அதற்குள் உன் அத்தை அவனுக்கும் போன் செய்து, அண்ணன் குடிகாரராகிவிட்டார் என்று ஒப்பாரி வைத்திருக்கிறாள். அவன் என் தோளைத் தொட்டு, "உள்ள வாங்கண்ணே, உக்காந்து பேசலாம். இந்த வயசுல ஆரம்பிக்கிற பழக்கமாண்ணே இது?" என்றான். எனக்கு, அவன், புத்தி சொல்கிறான்! வாங்கிக்கொண்டேன் பாப்பா. பிறகுதான், எனக்கு இல்லடா, பிள்ளைக்கு என்று சொன்னேன். அவன் முகம் போன போக்கை நான் ரசித்தேன் என்றுதான் சொல்வேன். காரை எடுத்தான், எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் குழாயில் அளந்து கொடுக்க, அவன் இவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் புகட்டினான். சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கியது. சித்தப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துவிட்டான். இதை வைத்து நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நீ சந்தோஷப்படாதே. அவன் செய்தது செய்ததுதான்.

படுக்கை இன்றைக்குக் கிடைத்தது. கூட ஒருவர் தங்க வேண்டும், அது யார் என்று நோயாளிதான் சொல்ல வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி. நான் லீவு போட்டு, பெட்டியில் எனக்கும் இரண்டு வேட்டி எடுத்து வைத்திருந்தேன். உன் தம்பி, சித்தப்பா வரட்டும் என்றான். வேட்டியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். காலை அளவை நான்தான் ஊற்றினேன். குடித்துவிட்டுச் சித்தப்பாவின் காரில் ஏறினான், பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு வாரம் வலிப்பு வராமல் காப்பாற்றியாகிவிட்டது, வழியில் வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? அந்தப் பாதையில் வண்டியை நிறுத்தக்கூட இடம் கிடையாது.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. உன் அம்மா அவசரத்தில் எதையோ அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், அதனால் நானும் கேட்டேன். "சேத்தாச்சுண்ணி. வழியில வாந்தி எடுத்தான், வேற ஒண்ணுமில்ல. அவனே கையெழுத்துப் போட்டான். ஊசி போட்டிருக்காங்க, தூங்கறான்" என்றான் சித்தப்பா. இந்த வாரம்தான் கண்டம், அதற்குப் பிறகும் தொடர்ந்து வர வேண்டும், எங்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அங்குள்ள டாக்டர் சொன்னாராம். சித்தப்பாவுக்கு வேலை இருக்கிறது, வாரக் கடைசியில் திரும்பியாக வேண்டும். அப்புறம் யாரடா இருப்பது என்று ஊசிக்கு முன்னால் இவனிடம் கேட்டிருக்கிறான். "அப்பா வரட்டும். ஆனா பேசாம உக்காந்திருக்கணும்னு சொல்லுங்க" என்றானாம். உன் அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவனுக்கு நிபந்தனை போடுகிறான் பார். கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பிறகு நானே உன் சித்தப்பாவைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆகையால்தான் பாப்பா, இத்தனை பக்கம். குவாரிக்காரன், அலுவலகத் தலைவன், உன் சித்தப்பா, கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்ட நீ, எல்லோர் மேலும் இருப்பதை இங்கேயே கொட்டிவிட்டுப் போகிறேன். அந்த அறைக்குள் இதைக் கொண்டுபோக முடியாது. யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று நீ பதில் எழுத வேண்டாம். அவனுக்குத் தனியாக எழுது. புத்தி சொல்லாதே, உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி எழுது, மாப்பிள்ளை சமைத்துக் கெடுத்ததை எழுது.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் அம்மா எண்ணுக்குச் செய், அவள் தனியாக இருப்பாள். என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா