போட்டோவுல தெரிஞ்ச வாஷர்

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதறது. இங்க அப்பா, அக்கா, நான் எல்லாரும் சௌக்கியம், அங்க உன் பத்து விரலும் சௌக்கியமான்னு முதல்ல சொல்லு. கிண்டலுக்குக் கேக்கல. அப்பாவுக்குச் சளி விட்டுடுச்சு, அக்காவுக்குப் புது வேலை பிடிச்சிருக்காம், மத்த சேதியெல்லாம் அப்புறம், எனக்கு வயிறு எரியுது. போன்ல பேச ஆரம்பிச்சா, அதான் வாஷரைக் கழட்டியாச்சே இன்னும் எதுக்கும்மா கத்துறீங்கன்னு பாதியில வச்சுட்டே. கடிதத்தை அப்படி வைக்க முடியாதில்ல, உக்காந்து படி.

உன் மெஷின்கிட்ட அந்தப் பொண்ணை நிக்க வச்சுப் போட்டோ அனுப்பி, நான் கிளம்பினதும் அடுத்த ஷிஃப்ட்ல இதே மெஷின்ல இவதான்மா நிப்பா, பொண்ணு எப்படி, எப்ப வந்து பேசுவீங்கன்னு கேட்டிருந்தே. அப்பா வாயெல்லாம் பல்லா ஓடி வந்து காட்டினாரு. லட்சணமாத்தான் இருக்கா. ஆனா அவ தோளுக்குப் பின்னாடி அட்டை வெட்டற மெஷினோட கதவு ஆன்னு திறந்து கிடக்கு, கதவு மூடினாத்தான் எரியற பச்சை விளக்கும் மேல எரியுது! அது எப்படி எரியும்னு படத்தைப் பெருசாக்கினா, கதவு சென்சாரோட மூக்குல, போல்ட்டுக்கு அடியில போடற இரும்பு வளையம், அந்த வாஷரை டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கே. அடப்பாவி, எலக்ட்ரீஷியன் வயித்துல பிறந்துட்டு செய்யற காரியமா இது!

கேட்டா, கதவு ஆடுது, மெஷின் அடிக்கடி நின்னுடுது, சூப்பர்வைசர் திட்டறாரு, சென்சாரே மட்டம்னு சொல்றே. மட்டம் சென்சார் இல்லடா. நான் வேலை பார்க்கற ஜூஸ் கம்பெனிக்கு வந்து பாரு. பெல்ட்டுல பாட்டில் எண்ணற சென்சார் ஒளியை அனுப்பிக்கிட்டே இருக்கும், பாட்டில் மறைச்சா ஒண்ணு சேத்துக்கும், தூசி படிஞ்சா தடுமாறும். தொட்டி மேல இருக்கறது நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தைக் கீழ விட்டு, அது மோதித் திரும்பி வர்ற நேரத்தை வச்சு ஜூஸ் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போடும், நுரை பொங்கினா அதுக்கும் தலைவலி. பிளாஸ்டிக் குழாய்ல கட்டியிருக்கறது உள்ள ஜூஸ் வந்ததை வெளிய இருந்தே உணரும், துடைக்கப் போன என் விரலைப் பார்த்தாலும் முழிச்சுக்கும். உன் கதவுல இருக்கறது இதுல எதுவும் இல்ல. அது மூக்குக்கு முன்னால சின்னதா ஒரு காந்தப் புலத்தைப் பரப்பிக்கிட்டு, உலோகம் கிட்ட வருதான்னு மட்டும்தான் பார்க்கும். கதவோட இரும்புப் பட்டை வந்தா கதவு மூடியாச்சு, கத்தி ஓடலாம்னு அர்த்தம். பட்டையா வாஷரான்னு அதுக்குத் தெரியாது, மனுஷக் கை அதுக்குச் சுத்தமாத் தெரியாது. உன் கதவோட கீல் தளர்ந்து பட்டை விலகியிருக்கும், அவ்வளவுதான். உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட மெயினை அணைச்சுட்டு கீலை முடுக்கச் சொல்லு, சென்சாரைப் பட்டை வந்து இடிக்காத அளவுக்குக் கொஞ்சம் முன்னால நகர்த்தச் சொல்லு. இதுக்குப் போய் வாஷராம்!

இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, என்னைத் தப்பா நினைப்பான்னு சொன்னே பாரு, அங்கதான் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. உனக்காவது வாஷர் இருக்கறது தெரியும், தள்ளி நிப்பே. அவளுக்கு என்னடா தெரியும்? சிக்கின அட்டையை எடுக்கக் கதவைத் திறப்பா, திறந்தா கத்தி நின்னுடும்னு நம்பித்தானே கையை விடுவா. இத்தனை நாளா அந்தக் கைக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது உன் புண்ணியம் இல்ல. அந்தக் கையைப் பிடிக்கத்தான் எங்களை வந்து பேசச் சொல்றே.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்காத, நீ நல்லா இருக்கணும்னு கும்பிடாத நாள் எனக்கு இல்ல. ஆனா நான்தான் ஒட்டினேன்னு அவ முகத்தைப் பார்த்து நீயே சொல்லு. அதைக் கேட்டப்புறமும் அவ உன்னைக் கட்டிக்கறேன்னு சொன்னா, நானும் அப்பாவும் அடுத்த வண்டியைப் பிடிச்சு வர்றோம். சொல்லாம மறைச்சே, அப்பவும் அவங்க வீட்டுக்கு வருவேன், பொண்ணு கேக்க இல்ல.

கோபம் தீராத,
உன் அம்மா