ஒரு வீடு, இரண்டு தாள்

எங்கள் அலுவலக அறையை மேல்மாடிக்கு மாற்றுகிறார்கள். காலையிலிருந்து அலுமாரி ஒதுக்கி மூக்கெல்லாம் பழைய கடதாசித் தூசி. அடித்தட்டில் கிடந்த ஒரு கோவையைத் தூக்கியபோது விரலில் ஏதோ குத்தியது. பார்த்தால், இரண்டு படிவங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த சேலை ஊக்கு. துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. நடு வீதியில் நின்று தோளிலிருந்த ஊக்கைக் கழற்றித் தாளுக்குக் குத்த உம்மை விட்டால் வேறு யார்? போன பிறகும் என்னைக் குத்தாமல் விடமாட்டீர் போல.

அலுவலகத்தில் நான் சிறுவர் நலன் பக்கம், நீர் முதியோர் நலன் பக்கம். எட்டு வருடம் முகம் பார்த்த இரண்டு மேசை. என் படிவம் வேறு, உம்முடைய படிவம் வேறு, அவை மேலே போகும் வழியும் வேறு. பெற்றோல் கிடையாத காலம் என்பதால்தான் அன்று கரவெட்டிக்கு ஒரே ஸ்கூட்டரில் போனோம். நீர் ஓட்ட, நான் பின்னாலிருந்து கோவைகளையும் என் உயிரையும் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் அறிவித்த பிள்ளையும் உமக்குக் கிராம அலுவலர் எழுதிய முதியவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று.

தாய் இல்லை. தகப்பன் வெளிநாடு போய் வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. தகப்பனின் மூத்த சகோதரி, அந்த மாமிதான் வளர்க்கிறா. பிள்ளைக்குப் பத்து வயது. மாமிக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது; சலரோகம் கண்ணைக் கொண்டுபோயிருந்தது. நீர் மாமியோடு உள்ளே இருக்க, நான் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஏன் தினமும் பிந்துகிறாய் என்று கேட்டேன். மாமிக்கு இன்சுலின் போட்டு, மாமி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன் என்றாள். சாப்பிடாமல் விட்டால் மாமி மயங்கிவிடுவாவாம். ஊசி போடுவது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள், தலை பின்னுவது யார் என்று கேட்டதுபோல.

திரும்பும் வழியில் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தித் தாள்களை ஒப்பிட்டோம். 'பிள்ளைக்குப் பொறுப்பானவர்: இல்லை' என்று நான் எழுதியிருந்தேன். 'முதியவரைப் பராமரிப்பவர்: இல்லை' என்று நீர் எழுதியிருந்தீர். பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கும் மாமியை முதியோர் இல்லத்துக்கும் அனுப்பச் சிபார்சு எழுதலாம் என்று பேனாவும் கையுமாக நின்றேன். நீர் என் தாளைப் பறித்தீர்.

"உம்மடை தாளிலை பிள்ளைக்கு ஆருமில்லை. என்ரை தாளிலை மாமிக்கு ஆருமில்லை. அப்ப, காலமை மாமிக்கு ஊசி போட்டது ஆர், பிள்ளைக்குப் புட்டு அவிச்சது ஆர்?"

யாரும் மடக்கினால் எனக்குக் கோபம் வரும், உமக்குத் தெரியும். ஊசியில் மருந்து ஒரு கோடு கூடினால் மாமியின் கதை முடிந்தது, பிறகு அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் சுமக்கும், நீர் வந்து மறுமொழி சொல்லுவீரோ என்று கத்தினேன். அதில் பிழையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நீரும் மறுக்கவில்லை.

"நீர் சொல்லுறது சரி," என்றீர். "ஊசியைப் பிள்ளையின்ரை கையிலை இருந்து எடுப்பம். பிள்ளையை வீட்டிலை இருந்து எடுக்க வேண்டாம்."

அப்போதுதான் இரண்டு தாளையும் சேர்த்து ஊக்கைக் குத்தினீர்.

மாமி வீட்டுக்குப் பக்கத்து வளவில், வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி ஒருவர் இருந்தா. ஊரில் எல்லாரும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். மிசிக்கும் மாமிக்கும் வேலிச் சண்டை. எல்லைக் கதியால் தடிகளை ஒரு முழம் தள்ளி நட்டது யார் என்ற வழக்கில் பதினான்கு வருடமாக இருவரும் முகம் பார்ப்பதில்லை. மாமிக்கு ஊசி போட வரமுடியுமா என்று போய்க் கேட்டோம். அந்த வளவுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று மிசி முகத்திலடித்த மாதிரிச் சொன்னா. நான் எழும்பிவிட்டேன். நீர் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கால் வைக்க வேண்டாம், கையை மட்டும் நீட்டுவீர்களா என்று கேட்டீர். மிசி வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தா. பிறகு, ஆறரைக்குப் பிந்தினால் தான் நிற்கமாட்டேன் என்றா.

வேலியில் ஓலைக் கிடுகை விலக்கி, ஒரு கை போகுமளவுக்குப் பொட்டு, அதாவது ஒரு ஓட்டை, வைத்தோம். 'நாள்தோறும் காலை ஆறரைக்கு வேலிப் பொட்டடியில் ஊசி' என்று பராமரிப்புத் திட்டத்தில் நீர் எழுத, அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தலைமை தாங்கிய ஐயா மூன்று மாதம் பார்ப்போம் என்றார். நான் உமக்காக ஒரு சொல் பேசவில்லை. போதாததற்கு, எனக்கு இதில் உடன்பாடில்லை என்று எழுதியும் கொடுத்தேன். அன்று பின்னேரம் நீர் வழமைபோல என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனீர். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

இரண்டாம் மாதம் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். திரும்பி வரவில்லை. மூன்றாம் மாத மீளாய்வு என் தலையில் விழுந்தது.

அறிவிக்காமல் போனேன். அறிவித்தால் எங்கடை சனம் முற்றம் கூட்டி, கதிரை இரவல் வாங்கி, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லும். உண்மையைச் சொன்னால், பிழை பிடிக்கத்தான் போனேன். ஒரு நாள் தவறியிருந்தாலும் பிள்ளையை எடுத்துவிடுவது என்று மனதில் வைத்துக்கொண்டு ஆறேகாலுக்கு ஒழுங்கையில் நின்றேன். மாமி வேலியைத் தடவித் தடவி வந்து பொட்டுக்குள் கையைக் கொடுத்தா. அந்தப் பக்கம் மிசி ஊசியோடு நின்றா. சண்டை சண்டையாகவே இருந்தது. ஊசி போட்டு முடிந்தும் மிசி அசையவில்லை.

"பிள்ளை, நீ வெளிக்கிடு," என்றா வேலிக்கு மேலால். "மாமி சாப்பிட்டு முடியுமட்டும் நான் இஞ்சை நிக்கிறன்."

நீர் கேட்டது கையை மட்டும். இந்த வரி எந்தத் தாளிலும் இல்லை. பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து ஓடினாள். அன்று அவளுக்குப் பிந்தவில்லை. எனக்குத்தான் கண் தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

வேலியடியில் கண்டதைக் கூட்டத்தில் சொன்னேன். திட்டம் போட்டவர் இல்லையே, இனி இதற்குப் பொறுப்பு யார் என்று ஐயா கேட்டார்.

"போட்டது நாங்கள் ரெண்டு பேரும், ஐயா," என்றேன்.

நான் எழுதிக் கொடுத்த மறுப்பு அவர் முன்னால்தான் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு, மாமியோடுதான் இருக்கிறாள். 'இல்லை' என்று எழுத முன்னர் ஒவ்வொரு வீட்டிலும் வேலியோரம் ஒருமுறை நடந்து பார்க்கிறேன். நீர் இருக்கும்போது உம்முடைய பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வசனத்தை, நீர் இல்லாத கூட்டத்தில் சொன்னேன். அந்தப் பாரத்தோடுதான் நடக்கிறேன்.