கழுத்தில் கோடு வராத மாப்பிள்ளை

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் மகன் சொன்னார். அண்ணியின் கால் வீக்கம் குறைந்ததா? பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, மகளை அலைய விடாதீர்கள். போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. கேட்காத பாதிக்கும் சேர்த்து "சரி சரி" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் கிளம்பியபோது நன்றாகத்தான் இருந்தான். இப்போது குச்சியில் ஏறுவதில்லை. கூண்டின் அடித்தட்டில் இறகையெல்லாம் உப்பவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறது. ஆப்பிளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை முடிந்து நான் கதவைத் திறந்தால் உங்கள் குரலில் "லைட்ட அணை" என்று அதட்டுவானே, அதுவும் நின்றுவிட்டது.

தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனேன். நாய், பூனை பார்ப்பவர்தான், ஆனால் பொறுமையாகப் பார்த்தார். வயிற்றைத் தடவிவிட்டு, "உள்ள கட்டி இருக்கும்மா. இவ்ளோ சின்ன உடம்ப அறுக்கிறது கஷ்டம். மயக்கம் குடுத்தா எழுந்திருக்காது. பேசாம ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். வீட்ல பேசிட்டு வாங்க" என்றார். வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

வீட்டில் யாரோடு பேசுவது? உங்கள் மகனைக் கேட்டேன். முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் அவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு லிப்ட் பாதியில் நின்றுவிடும். கருவியை எடுத்துக்கொண்டு ரிப்பேருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை நீங்கள் வளர்த்த கிளி. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் காலையில் படித்தேன். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அவனை அறுக்க விடாதே. உன் மாமனார் "வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு முறை என்னால் நிற்க முடியாது, உன் மூலமாகக்கூட. டாக்டர் சொன்னபடி ஊசி போட்டுவிடு. மடியில் வைத்துக்கொள், மேஜையில் வைக்காதே. கூண்டை நான் வருவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடு.

ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போனாயா? உன்னிடம் விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது என்று உன் நாத்தனார் சொல்கிறாள். நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அத்தை


பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதன்படி நான் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தைக் கடைசி வரி வரைக்கும் ஒத்திப்போட்டுவிட்டுப் படியுங்கள்.

செய்யத்தான் போனேன். தெருமுனை ஆஸ்பத்திரியில் அவனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பூனை. அப்போது அவன் என் விரலைப் பிடித்தான். பயத்தில் பிடிப்பது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை, கூடையைத் தூக்குபவர்கள் பிடிப்பதுபோல அழுத்தமாக, முக்கி முக்கிப் பிடித்தான். சாகப்போகிறவன் எதற்கு இவ்வளவு பாடுபடுகிறான் என்று தோன்றியது. நான் வேலை பார்க்கும் பேக்கரிக்குக் கேக் சொல்ல வரும் அம்மா ஒருவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் பறவைகளுக்கென்றே ஒரு டாக்டர் இருப்பதாக முன்பு சொல்லியிருந்தார். பூனை வெளியே வந்தது. என்னைக் கூப்பிடுவதற்குள் நான் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன்.

அந்த டாக்டர் ஒரு பெண். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆணா, பொண்ணா?"

"மாப்பிள்ளைங்க."

"அது பேரு. நான் கேட்டது ஆணா பொண்ணான்னு."

"ஆண்தான் டாக்டர். பேரே மாப்பிள்ளை."

"அப்போ கழுத்துல கோடு எங்க? இந்தச் சாதிக் கிளியில ஆணுக்குக் கழுத்தச் சுத்திக் கோடு வரணுமே."

"வரும்னு எங்க அத்தை சொல்லியிருக்காங்க."

"எப்போலேர்ந்து?"

"நாலு வருஷமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். வயிற்றுக்குள் வெள்ளையாக, உருண்டையாக, முழுசாக ஒரு முட்டை. கட்டி இல்லை, அத்தை. முட்டை. வெளியே வர வழி தெரியாமல் சிக்கியிருக்கிறது.

தெருமுனை டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான் வாய்க்கு வாய் "அவன், அவன்" என்றேன். சீட்டிலும் ஆண் என்றே எழுதச் சொன்னேன். மாப்பிள்ளை முட்டை போடுவார் என்று எந்த டாக்டர் நினைப்பார்?

சிரிப்பு அதோடு முடிந்தது. சுண்ணாம்புச்சத்து ஊசி போட்டுச் சூட்டில் வைத்தார்கள். சாயங்காலம் வரை முட்டை நகரவில்லை. அவள் முக்குவதையும் நிறுத்திவிட்டாள். மயக்கம் கொடுத்து, முட்டைக்குள் இருப்பதை ஊசியால் உறிஞ்சி, ஓட்டை உடைத்து எடுக்கலாம் என்றார் டாக்டர்.

"மயக்கத்துல போயிடுமா?" என்றேன்.

"பத்துல ஏழு எழுந்திருக்கும். இது மெலிஞ்சு போயிருக்கு, அதனால எட்டுன்னு சொல்ல மாட்டேன்."

"அப்படியே விட்டா?"

"ராத்திரி தாங்காதும்மா."

உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "நீ என்ன சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உங்களுக்குச் செய்தேன். அண்ணி குளித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, நீங்களே எடுத்தீர்கள். அந்த வரவேற்பறையில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அத்தை, மாப்பிள்ளை பொண்ணு, மயக்கம் குடுக்கணும்" என்று கத்தினேன். "சரி சரி, சாப்டியா?" என்றீர்கள்.

அந்த "சரி"யை உங்கள் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் "நீங்கதானே சொன்னீங்க" என்றிருக்கலாம். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று எழுதியது என் பையில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே, "செய்யுங்க டாக்டர்" என்றேன். முடிவு என்னுடையது. அவள் செத்திருந்தாலும் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் நின்ற மாதிரி கதவுக்கு வெளியே நின்றேன். மாமாவை நினைத்துக்கொண்டேன். உட்காரத் தோன்றவில்லை.

முதலில் கேட்டது குரல்தான். கொஞ்சம் குழறலாக, ஆனால் அச்சாக உங்கள் குரல்: "லைட்ட அணை." உள்ளே டாக்டர், "அம்மா தாயே, அணைக்கிறேன்" என்றார். வரவேற்பறையில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கை தட்டினார். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் படுக்கையறையில் இருக்கிறாள். வீட்டிலேயே அதுதான் கதகதப்பான அறை. ஆப்பிள் தின்றாள், என் கையைக் கடித்தாள்.

கூண்டை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. குழந்தை பிறந்த செய்தி உங்கள் மகன் மூலம்தான் தெரிந்தது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பேக்கரியில் மாவு நிறுக்கும் பழைய தராசை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அவளைத் தினமும் அதில் நிறுக்கிறேன். எடை ஏறுகிறது. திரும்ப முட்டை வைக்காமல் இருக்க வெளிச்சம் குறைவாக வேண்டுமாம், சீக்கிரமே கூண்டை மூடிவிடச் சொன்னார் டாக்டர். அதைத்தானே இவள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று உங்கள் மகன் சொல்கிறார்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 23

என் அருமை மருமகளுக்கு,

கோபம் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் பேனா எடுக்க நேரம் கிடைப்பதில்லை. உன் நாத்தனாருக்குப் பெண் குழந்தை. போனில் நீ கத்தியதில் "பொண்ணு" மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. குறி சொல்கிறாய் என்று நினைத்து இங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். பலித்தும்விட்டது. இப்போது உன்னிடம் கேட்கச் சொல்லி இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

உன் நீண்ட கடிதத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவன் போய்விட்டான் என்றும், அதை நீ வேறு விதமாகச் சொல்கிறாய் என்றும் பயந்தேன். சாயங்காலம்தான் முழுவதையும் படித்தேன். பிறகு உன் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், "எங்களுக்கும் கேக்கற மாதிரி படிங்கம்மா" என்றாள். கழுத்துக் கோடு பற்றி நான் படித்ததும், பிரசவத் தையலோடு படுத்திருந்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். நீ கதவுக்கு வெளியே நின்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். உன் நாத்தனார்தான் வாங்கி மீதியைப் படித்தாள்.

"மாமியார் சொன்னதக் கேக்காத மருமக எல்லா வீட்லயும் இருக்கா. கேக்கலன்னு கையெழுத்துப் போட்டுச் சொல்ற மருமக எனக்குத்தான் இருக்கா" என்று அந்த வார்டில் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பார்க்க வந்தவர்களிடமெல்லாம்.

ஜன்னல் விஷயத்தை உன் நாத்தனார் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மாப்பிள்ளைக்குப் பேரை மாற்றாதே. அவனுக்கு, அவளுக்கு, அதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். கூண்டு உங்கள் அறையிலேயே இருக்கட்டும், இனி அவள் விஷயத்தில் நீ சொல்வதுதான். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். தட்டினால் "வாங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லு, எனக்குக் கேட்காது.

அன்புடன்,
அத்தை