சீனிச்சாமி வரிய வாங்காதீங்க

பரளச்சி
மாசி 22

மகன் சீனிச்சாமிக்கு அப்பா சங்கையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்க ஆத்தாளும் ரெண்டு எருமையும் சொகம். அங்கே மருமகள் தங்கலட்சுமியும் பேரனும் சொகமா இருக்கணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கிறேன். உன் சொகத்த இந்தத் தடவை நான் விசாரிக்கல. ஏசி மிசினு மாட்டுற கடை வச்சிருக்கிறவன் குளுகுளுன்னுதான் இருப்ப. போன்ல பேசாம கெழவன் எதுக்கு காயிதம் எழுதுறான்னு நெனைப்ப. நான் வாயத் தொறந்தாத்தான் உனக்கு ஐதராபாத்துல சிக்னலு போயிருதே, உன் மாமனாரு பேசுனா மட்டும் ஒரு மணி நேரம் நின்னு பேசுது. அதனால கையெழுத்துப் போட்டு வாங்குற தபால்ல அனுப்புறேன், கெடைக்கலன்னு சொல்ல முடியாது. அஞ்சாப்பு படிச்சவன் எழுத்து, கோணல் மாணலாத்தான் இருக்கும், எழுத்துக்கூட்டிப் படி.

நம்ம மக்காச்சோளத்த பாதி காட்டுப்பன்னி தின்னுருச்சு, மீதிய யாவாரி தின்னுட்டான். பன்னி தேவல, ராத்திரியில வெக்கப்பட்டு வந்துச்சு. ஆத்தாளுக்கு முட்டி வலிக்கு அருப்புக்கோட்டை டாக்டரு தெனம் நடக்கச் சொன்னாக, இவ நாலு தெரு நடந்து ஊர்ப்பொரணி எல்லாம் கேட்டுட்டு வாரா, வலி கொறஞ்சிருக்கு, வாய்தான் கூடிருச்சு. பங்குனிப் பொங்கலுக்கு நீங்க எல்லாரும் வாரதாவும் பேரனுக்கு முடியெறக்கி காது குத்தணும்னும் சொன்னியே, அது சம்பந்தமாத்தான் இந்தக் காயிதம். நீ வாரதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கேக்கப் போறதில்ல, வையப் போறேன்.

போன வாரம் கோயில் முன்னால பொங்கலுக்கு வரி போடுற கூட்டம் நடந்துச்சு. உனக்கு மறந்திருக்கும், முதலாளி ஆயிட்டேல்ல, அதனால சொல்றேன். கல்யாணம் ஆனவனுக்கு ஒரு வரி, மூவாயிரம். கல்யாணம் ஆகாத இளவட்டம் வேலைக்குப் போனா அரை வரி. படிக்கிற புள்ளைக்கும் தாலியறுத்தவுகளுக்கும் கெடையாது. வரி பிரிக்கிற பொன்ராஜு நோட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா வாசிச்சான். சந்தனம்மாள் மகன் மணிகண்டன்னு வந்ததும், இந்தப் பயல என்ன பண்றது, தொழில் பழகுறானா சம்பாதிக்கிறானான்னு கேட்டான். நான் சும்மா இருந்திருக்கணும். சும்மா இருந்தா எனக்குத்தான் ஒடம்பு அரிக்குமே. எந்திரிச்சு நின்னு, ஏலே பொன்ராஜு, எம்மகன் கடையில ஏசி மாட்டுறவன் உங்க எல்லாரையும் வெலைக்கு வாங்குவான்டா, அரை வரி போட்டு அவன அவமானப்படுத்தாத, முழு வரி போடுன்னு சொன்னேன். கூட்டமே சிரிச்சுச்சு. சந்தனம்மாளும் சிரிச்சா. போடுங்கண்ணே, எம்மகன் கட்டுவான்னு சொல்லிட்டு முந்தானையால வாயத் தொடச்சுக்கிட்டு உக்காந்துட்டா. மறுநாளே மூவாயிரத்தையும் கொண்டாந்து கட்டிட்டா. ஊர்லயே மொத வரி அவ வரிதான்.

ரெண்டு நாள் கழிச்சு வெறகச் சுட்டுக் கரி எடுக்கிற கரிமூட்டத்துப் பக்கம் போனேன். சந்தனம்மாள் கருவேல வெறகு அடுக்கிக்கிட்டு நின்னா. வழியில அவ கொட்டடியப் பாத்தேன், செனையா நின்ன வெள்ளாட்டக் காணல. ஏ சந்தனம், ஆட்ட வித்துட்டு மகனுக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா, சீரு செனத்தி பேச என்னையும் கூட்டிட்டுப் போன்னு எளக்காரம் பண்ணேன். அவ வெறகக் கீழ போட்டுட்டு என்னையே பாத்தா. உங்களுக்கு நெசமாவே தெரியாதாண்ணேன்னு கேட்டா. எனக்கு என்னடி தெரியணும்னேன். பய பதினாறு மாசமா ஒத்தப் பைசா சம்பளம் வாங்கலண்ணே, சாப்பாடும் படுக்க எடமும்தான், ஊர்ல கேக்கிறவுகளுக்கெல்லாம் மாசம் எட்டாயிரம் அனுப்புறான்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன், இல்லன்னா உங்க மகன் பேரு கெட்டுப் போகுமில்லன்னு சொன்னா.

கேட்டியா சீனி. உன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு அவ பொய் சொல்லியிருக்கா. அந்தப் பொய்ய நெசம்னு நம்பி நான் கூட்டத்துல எந்திரிச்சு ஆடியிருக்கேன். நான் ஆடுன ஆட்டத்துக்கு அவ ஆட்ட வித்திருக்கா, அதுவும் குட்டி போடப்போற ஆட்ட பாதி வெலைக்கு. எழுவத்தி ரெண்டு வயசுல எவனும் என்ன இப்படிச் செருப்பால அடிச்சதில்ல. அடிச்சது அவ இல்ல, நீ. அந்தப் பயல பஸ்ஸு ஏத்தி விட்டது நான். எம்மகன்கிட்டப் போறான், பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிருவான்னு சொன்ன வாயி இந்த வாயி.

நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். தொழிலு கத்துக் குடுக்கிறேன், சோறு போடுறேன், நானும் மதுரையில இப்படித்தான் கத்துக்கிட்டேன்பே. நீ கத்துக்கிட்ட லச்சணம் எனக்குத் தெரியாதா. அந்த முதலாளி வீட்டுக்குத் தண்ணி எடுத்து ஊத்துனேன், ஒரு சட்டை வாங்கித் தரலன்னு ஆத்தா மடியில படுத்து அழுதவன் யாரு. அந்த முதலாளியத் திட்டுன திட்டு இன்னும் என் காதுல கெடக்கு, இப்ப அதையெல்லாம் எடுத்து உனக்கே திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கேன். மாட்டுக்குத் தீனி போட்டுட்டா உழுத கூலி தீந்து போச்சா. மாட்டுக்காரன் வாடகை கேப்பான்டா. கரிமூட்டத்துல புதுசா வெறகு வெட்ட வாரவனுக்குக் கூட மொத வாரம் அரைக் கூலி, கை பழகுனதும் முழுக் கூலி. கரி யாவாரி மூஞ்சியெல்லாம் கருப்பு, ஆனா கூலிய வெள்ளையாக் குடுக்கிறான். நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு என்ன செய்ற.

அந்தப் பய இன்னும் பழகிக்கிட்டா இருக்கான். போன மாசம் பேரன்கிட்டப் போன்ல அப்பா எங்கடான்னு கேட்டேன். அப்பா தூங்குறாக தாத்தா, மணி அண்ணன் மூணு வீட்டுக்கு மிசினு மாட்டப் போயிருக்காருன்னு சொன்னான். வீட்டுக்காரன் காசக் குடுக்கும்போது பழகுற பய மாட்டுனதுன்னு பாதிதான் குடுக்கிறானா. முழுசா வாங்கிப் பையில போட்டுக்கிறேல்ல. நெருப்பு வெயிலுல மொட்டை மாடியில நின்னு மிசினு தூக்குறவன் பழகுறவன், போர்வைய இழுத்து மூடிப் படுத்திருக்கிறவன் தொழில் தெரிஞ்சவனா. நல்லாயிருக்குடா உன் பள்ளிக்கூடம், வாத்தியாரு தூங்குறாரு, பய சம்பாதிக்கிறான்.

சந்தனம்மாள் என் கையப் புடிச்சு, அண்ணே யாருகிட்டயும் சொல்லிறாதீங்க, சம்பளம் கேட்டா உங்க மகன் பயலத் திருப்பி அனுப்பிருவாரு, தொழிலு கைக்கு வந்துரட்டும்னா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். உன்கிட்ட சொல்லாம எப்படிக் கேக்கிறது, அதனால சத்தியத்துல உன்ன மட்டும் தள்ளிட்டேன். ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல, உங்க ஆத்தாகிட்டக் கூட. அவகிட்ட சொன்னா திருச்சுழி வரைக்கும் போயிரும்.

சொல்லாமத்தான் செஞ்சேன். நேத்து பொன்ராஜு உன் வரி மூவாயிரத்துக்கு வீட்டுக்கு வந்தான். நீ என் பேருல போட்டு விட்ட காசு என்கிட்டத்தான் இருக்கு. குடுக்கல. சீனிச்சாமி வரிய வாங்காதீங்க, நோட்டுல அவன் பேரு எழுத வேண்டிய எடத்த அப்படியே வெத்தா விட்டு வைங்கன்னு சொல்லிட்டேன். அவனுக்குப் பேதி கண்ட மாதிரி ஆயிருச்சு. ஏன் மாமா, அப்பனுக்கும் மகனுக்கும் சண்டையான்னான். ஆமாடா, அவன் எனக்கு ஏசி வாங்கித் தரல, அதான் கோவம்னேன். ஊரே நம்பி என்னப் பாத்துச் சிரிக்குது. சிரிக்கட்டும். வரி கட்டாதவன் வீட்டு முடி கோயில்ல எறங்காது, உனக்குத் தெரியும். எம்பேரன் முடி எறங்கணும்னு எனக்கும் ஆசைதான், உன்ன விட எனக்குத்தான் ஆசை. காப்புக் கட்டுக்கு முந்துன நாளோட நோட்ட மூடிருவாக. இன்னைக்கு எண்ணி இருவத்தி நாலு நாள் இருக்கு.

அதுக்குள்ள நீ செய்ய வேண்டியது. மொத மூணு மாசம் நெசமாவே பழகுனான், அதுக்கு அரைச் சம்பளம். அப்புறம் பதிமூணு மாசத்துக்கும் அங்க வெளியில ஒருத்தன வச்சா என்ன குடுப்பியோ அந்தச் சம்பளம். இனிமே மாசா மாசம் தேதி தவறாம. என்கிட்ட அனுப்பாத, சந்தனம்மாளுக்கும் நீ அனுப்பாத, அவ பிச்சை கேக்கல. பய கையில குடு, அவன் அவுக அம்மாவுக்கு அனுப்பட்டும். குடுக்கும்போது மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. திருப்பி அனுப்பிட்டு வேற பய வேணும்னு போன் போட்டேன்னா, இந்த ஊர்லயிருந்து ஒரு ஈ கூட உன் கடைக்கு வராது, அத நான் பாத்துக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அவனையும் லீவு குடுத்துக் கூட்டிட்டு வா, லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு.

மருமகளுக்கு எள்ளுருண்டை பார்சல் தனியா வருது, நீ எடுத்துத் திங்காத. பேரன வெயில்ல விடாத. மருமகளுக்கும் பேரனுக்கும் மாரியாத்தா துணையோட என் ஆசீர்வாதம். மணிகண்டனுக்கும் என் ஆசீர்வாதம், அத அவன்கிட்டப் படிச்சுக் காட்டு. உன் ஆசீர்வாதத்த இங்கயே எடுத்து வச்சிருக்கேன். பய கையில சம்பளம் விழுந்த அன்னைக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு
உன் வரிய மடியில கட்டி வச்சிருக்கிற
அப்பா சங்கையா