இரண்டாவது கையெழுத்து

செப்டம்பர் 6, திங்கள்

புதுச் செருப்பு கடிக்கிறது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நெட்டையிடம் காட்டினேன். "உன் காலுக்குக் குழந்தைங்க கடையிலதான் வாங்கணும்" என்றாள். பதினோரு வருஷமாக என் உயரத்தை வைத்தே பொழுதை ஓட்டுகிறாள். இந்த முதியோர் இல்லத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தப் பெயர் உண்டு என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும். நெட்டை, குட்டை. அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கட்டில். ஏழு பேர் தாமாகப் புரள முடியாதவர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. அவள் தோள் பக்கம், நான் இடுப்புப் பக்கம். கணக்கு டீச்சர் கட்டிலில் மட்டும் எண்ணிக்கை டீச்சருடையது. பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போய்விட்டது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூணு என்றதும் திருப்புவோம்.

கட்டில் காலடியில் தொங்கும் அட்டையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தோளுக்கும் முதுகுக்கும் எண்ணெய் தடவித் தடவி நெட்டையின் கை எப்போதும் பிசுக்கு. "எனக்கும் சேத்துப் போட்டுடுடி" என்பாள். ஒரு நீளக் கோடு, மேலே ஒரு புள்ளி. அதுதான் அவள் கையெழுத்து. அவளைவிட எனக்கே நன்றாக வருகிறது.

மாலையில் அறிவிப்புப் பலகையில் ஏதோ தாள் ஒட்டியிருந்தார்கள். நின்று படிக்கக் கால் இடம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 7

படித்தேன். முப்பதாம் தேதிக்குள் ஊழியர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டுமாம். காட்டாதவர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாமாம். நான் ஐந்து மாதம் முன்பே போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கைவலி, அதோடு சரி.

நெட்டை போடவில்லை. "போடுவியா?" என்று கேட்டேன். "பாப்போம்" என்றாள்.

அவள் பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

செப்டம்பர் 14, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் சண்டை. எழுதினால் மனசு ஆறுமா பார்ப்போம்.

"நோய் வந்த புதுசுல நமக்கு என்ன குடுத்தாங்க? மழைக்கோட்டு! முகக்கவசத்தைத் துவைச்சுத் துவைச்சுப் போட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்து பன்னெண்டு நாள் கிடந்தேனே, ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாங்களா? இப்ப திடீர்னு நம்ம உடம்பு மேல இவ்ளோ அக்கறை. வந்து கேட்டிருந்தா போட்டிருப்பேன். உத்தரவு போட்டாங்க பாரு."

அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அதே மாதங்களில் இந்தத் தளத்தில் ஒன்பது கட்டில் காலியானதும் பொய்யில்லையே. டீச்சர் பிழைத்ததே பெரிது. "நான் மேலாளருக்காகப் போடலை. டீச்சருக்காகப் போட்டேன்" என்றேன்.

பிறகு டிபன் டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டே, "பயமாவும் இருக்குடி" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். என்ன செய்தேன்? "இவ்ளோ உயரத்தை வெச்சிக்கிட்டு ஊசிக்கா பயம்?" என்று சிரித்தேன். அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

எனக்கு ஏன் இப்படி ஒரு நாக்கு?

செப்டம்பர் 19, ஞாயிறு

தம்பி போன் செய்தான். நான்கு நிமிஷம். "நல்லாருக்கியாக்கா?" நல்லாருக்கேன். "வேற?" வேற ஒண்ணும் இல்லை.

செப்டம்பர் 30, வியாழன்

பதினான்கு உதவியாளர்களில் ஐந்து பேர் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதில் இவளும் ஒருத்தி. கடைசி நிமிஷத்தில் போட்டுவிடுவாள் என்று நம்பிக்கொண்டே இருந்தேன். ஆறு மணித் திருப்பலை முடித்தாள். மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். மேலாளரிடம் கொடுக்க மனசில்லையாம்.

"உன் வீம்புக்கு என் இடுப்புதானா கெடைச்சுது? நாளைலேர்ந்து நான் யாரோட தூக்குவேன்?" என்று கத்தினேன். "உனக்கு உன் இடுப்புதான் கவலை" என்றாள். "ஆமா, போய்த் தொலை" என்றேன்.

போய்த் தொலைந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். எனக்கு முந்திய பேருந்தில் ஏறிவிட்டிருக்கிறாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அக்டோபர் 1, வெள்ளி

டீச்சரைத் தனியாகத் திருப்பினேன். அடியில் இருக்கும் துணியைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்தால் வருகிறது. முதுகு துணியோடு உரசிக்கொண்டு வருகிறது — அதுதான் கூடாது, தெரியும், வேறு வழி? டீச்சர் "ஒண்ணு, ரெண்டு" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கம், நெட்டை நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூணு வரவே இல்லை.

அட்டையில் கையெழுத்துப் போட்டேன். நீளக் கோடு, மேலே புள்ளி, பக்கத்தில் என்னுடையது. போட்ட பிறகுதான் கவனித்தேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 4

பழக்கம் என்று சொல்ல முடியாது இனி. இன்று ஆறு தடவையும் தெரிந்தேதான் போட்டேன். ஏழு அட்டையிலும். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் தளத்து நர்ஸ் சிஸ்டர்தான் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். பாவம், அவரும் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார். யாருக்கும் தொல்லை வேண்டாமே.

அக்டோபர் 9

சிஸ்டருக்காகப் போடுகிறேன் என்று எழுதியது பாதிதான் உண்மை. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை பேசுவது? அந்தக் கோட்டை இழுத்து, புள்ளி வைக்கும்போது, அவள் அந்தப் பக்கம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ஒரு நொடிதான்.

போன் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன்.

அக்டோபர் 12, செவ்வாய்

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறாராம். நமக்குத்தான் என்று ஓடினேன். மேல் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 17, ஞாயிறு

விடுமுறை. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மாலை நாலு மணிக்குத்தான் உறைத்தது. கடைக்குப் போய், தேவையே இல்லாமல் சோப்பு வாங்கினேன். கடைக்காரர் "பை வேணுமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். இன்றைய கணக்கு அவ்வளவுதான்.

அக்டோபர் 24

டீச்சரின் இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. வெளுத்தால் பயமில்லை, வெளுக்காவிட்டால் உள்ளே கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நெட்டைதான். சிஸ்டரிடம் சொன்னேன். தலையணை வைத்துத் தூக்கிவிட்டோம்.

அக்டோபர் 29

தோல் விட்டுவிட்டது.

நவம்பர் 2, செவ்வாய்

எங்கே தொடங்குவது.

வாராவாரம் வரும் டாக்டர் டீச்சரின் புண்ணைப் பார்த்தார். "சரியாத் திருப்புறீங்களா?" என்றார். சிஸ்டர் அட்டையை எடுத்து நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அத்தனை நாள் அவரும் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்த்தாரே தவிர, யார் கோடு என்று பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு மேலாளர் அறை. ஏழு கட்டிலின் அட்டைகளும் மேஜைமேல். ஒரு மாதம் முழுக்க, நான் வந்த நாளெல்லாம் நெட்டையும் வேலைக்கு வந்திருக்கிறாள், ஒரு வேளை தவறாமல்! வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். மேலாளர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஏம்மா, ஏஜென்சி ஆள் வந்தப்ப யாருக்கு அனுப்பலாம்னு பாத்தோம். மேல் மாடியில பாதிக் கட்டம் காலி. உங்க பக்கம் எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கையெழுத்து. வேற தளத்துலேர்ந்து யாரோ வந்து உங்களுக்குக் கை குடுக்குறாங்கன்னு நெனச்சு, ஆளை மேல அனுப்பிட்டோம். இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரியாது சார். நான் — எனக்கு என்ன தெரியும்?

அந்த ஆள் கீழே வந்திருந்தால் டீச்சர் முதுகு உரசியிருக்காது. அவ்வளவுதானே? ஒரு கோடும் ஒரு புள்ளியும். நானே என் கையால ஆள் இருக்குன்னு எழுதி, வரவேண்டிய ஆளைத் துரத்தி விட்டுட்டேன். உத்தரவைத் திட்டினேன், அவளைத் திட்டினேன், கடைசியில அந்தப் புண் என் பேனாவால வந்தது.

"உங்களை அனுப்பணும். அனுப்பினா நாளைக்கு யார் இருக்கா?" என்று மேலாளரே கேட்டுவிட்டு, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். என் கையெழுத்து மட்டும் போட்டேன்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருக்களித்துப் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா தெரியவில்லை. எதையும் எண்ணவில்லை.

நவம்பர் 6

இரண்டாவது கட்டம் காலியாக இருக்கத் தொடங்கிய நாலாம் நாள் கீழ்த்தளத்துக்கு ஆள் வந்துவிட்டார். நாலே நாள்! நாற்பது வயசிருக்கும், நல்ல பலசாலி, பேச்சு குறைவு. ஞாயிறு மட்டும் வர மாட்டாராம். அவர் "தூக்குங்க" என்பார், தூக்குவோம். டீச்சர் எண்ணுவதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. குறை சொல்ல எனக்கு வாய் ஏது.

நவம்பர் 7, ஞாயிறு

வேலை முடிந்து நெட்டை வீட்டுக்குப் போனேன். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாளாம். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, ஏஜென்சி ஆள், கடிதம்.

"என் பேர்ல ஒரு மாசம் வேலை பாத்திருக்க" என்றாள். கோபமா, கிண்டலா, பிடிபடவில்லை.

பிறகு டீச்சரின் புண்ணைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "எவ்ளோ பெருசு?" கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். "ஆழம்?" சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ பயம்னு சொன்னப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"ஆமா, கூடாது" என்றாள்.

ஊசி போட்டாயா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவளே, "இன்னும் போடலை" என்றாள். தலையாட்டினேன். இந்தத் தடவை நாக்கு அடங்கி இருந்தது.

நவம்பர் 14, ஞாயிறு

மூன்றரை மணிக்குப் பார்வையாளர் வரிசையில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை. நெட்டை. பார்க்க வருபவர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை, முகக்கவசம் போதும். பதினோரு வருஷம் உள்ளே வேலை பார்த்தவள் பதிவேட்டில் வந்த நேரம் எழுதிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். டீச்சர் அவளையே பார்த்தார். அவள் டீச்சர் முதுகுப் பக்கம் போய், கட்டுத் துணியை விலக்கிப் புண்ணைப் பார்த்துவிட்டு, "ஓரம் சுருங்குது, ஆறிடும்" என்றாள். யாருக்குச் சொன்னாளோ.

நாலு மணி. ஏஜென்சி ஆள் இல்லை. நான் துணியைச் சுருட்டினேன். பார்வையாளர்கள் யாரையும் தொட்டுத் தூக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறது. நெட்டை அதைப் படித்தாள். எழுந்து தன் பக்கத்துக்கு, தோள் பக்கத்துக்கு, போய் நின்றாள். சிஸ்டர் பார்த்தார். மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு" என்றார் டீச்சர். "ரெண்டு." நாங்கள் இரண்டு பேரும் துணியைப் பிடித்தபடி காத்திருந்தோம்.

"மூணு."

உரசாமல் திரும்பினார். நெட்டை தோளில் எண்ணெய் தடவிவிட்டாள். நான் அட்டையை எடுத்தேன். "எனக்கும் சேத்துப் போட்டு—" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டாவது கட்டத்தில், கோடு இல்லை, புள்ளி இல்லை, 'பார்வையாளர்' என்று எழுதினேன். நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும், நடந்தது அதுதான். நெட்டை குனிந்து படித்தாள். "கட்டத்துக்குள்ள அடங்கலையேடி" என்றாள்.

ஐந்தரைக்கு மணி அடித்ததும் மற்றவர்களோடு அவளும் எழுந்து போனாள். அடுத்த ஞாயிறும் வருவாளாம்.

ஆறு மணிக்குத் தனியாகத் திருப்பினேன். டீச்சர் "ஒண்ணு, ரெண்டு" என்றார். மூணை நான் சொன்னேன். அட்டையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.